பத்திரம்... பத்திரம்!

விவாகரத்து வழக்கு நடக்கும்போது வீடு, நகை, சேமிப்பு கை மாறிப் போகாமல் காப்பது எப்படி?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998-ல். அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. ஏரியும் வயலுமாக இருந்த பக்கமெல்லாம் மனைப் பிரிவுகள் முளைத்தன. திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் இங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டார்கள்.

இப்படி ஒரு குடும்பத்தின் சொத்து என்னவாக இருக்கும்? முக்கால் கிரவுண்டு மனை, அதில் கடன் வாங்கிக் கட்டிய வீடு. கல்யாணத்துக்குப் போட்ட நகை. கணவரின் பி.எஃப். பணம். ஒரு ஏலச்சீட்டு. ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி. ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு நேரத்துக்கு சாப்பாடு போட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, கட்டு செட்டாகச் செலவு செய்து, இரண்டு பேருமாகச் சேர்த்ததுதான் இத்தனையும். ஆனால், தாளில் இருப்பது பெரும்பாலும் ஒருவர் பெயர்தான்!

வாழ்க்கை சரியாகப் போகும்வரை யாரும் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. விரிசல் விழுந்து, 'இனி சேர்ந்து இருக்க முடியாது' என்ற நிலைக்கு வரும்போதுதான் பிரச்னை தலைதூக்குகிறது. நேர்மையானவர்கள் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்கிறார்கள். நேர்மை இல்லாதவரோ, நோட்டீஸ் கைக்கு வருவதற்கு முன்பே மனையைத் தம்பி பேருக்கு மாற்றிவிடுகிறார். நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. பேங்க் கணக்கில் 500 ரூபாய்தான் மிச்சம்.

'ஆரோக்கியப் பத்திரிகையில் எதற்கு இந்த கோர்ட் விவகாரம்?' என்று கேட்காதீர்கள். தூக்கம் கெடுவதும், ரத்த அழுத்தம் ஏறுவதும், சர்க்கரைக்காரர் மாத்திரையை மறப்பதும் இந்த மாதிரி நேரங்களில்தான். நாளைக்கு எங்கே இருப்போம் என்ற பயத்துக்கு எந்த டாக்டரிடமும் மாத்திரை கிடையாது. விவரம் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்.

பாதி தானாக வந்துவிடுமா?

"கட்டின பொண்டாட்டிக்கு பாதி சொத்து உண்டுதானே?" நிறையப் பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வருத்தமான பதில்... இல்லை!

விவாகரத்து ஆனதும் சொத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. யார் பெயரில் இருக்கிறதோ அவர் சொத்து என்பதுதான் தொடக்கப் புள்ளி. இந்து திருமணச் சட்டத்தின் 27-வது பிரிவு, திருமணத்தின்போதோ அதை ஒட்டியோ இருவருக்கும் பொதுவாக வந்த அன்பளிப்புகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பிறகு வாங்கிய வீடு, மனையை அது பங்கு போடாது.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. கோவாவில் போர்ச்சுகீசியர் காலத்து சிவில் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அங்கே வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத தம்பதிக்குச் சொத்து பொது. அவ்வளவு தூரம் போவானேன்? யாழ்ப்பாணத் தமிழர்களின் தேசவழமைச் சட்டம் டச்சுக்காரர் காலத்தில், 1707-ல் தொகுக்கப்பட்டது. பரம்பரையாக வந்தது முதுசம். பெண் கொண்டு வந்தது சீதனம். திருமணத்துக்குப் பிறகு சம்பாதித்தது 'தேடிய தேட்டம்' என்று அது சொத்தைப் பிரித்தது. தேடிய தேட்டத்தில் கணவன் மனைவி இரண்டு பேருக்கும் பங்கு என்பது அந்த வழமை. தமிழர்களுக்குப் புதிய சிந்தனை இல்லை இது!

நம் ஊரிலும் ஒரு வெளிச்சம் தெரிகிறது. நெய்வேலியில் வேலை பார்த்து, பிறகு சவுதி அரேபியாவுக்குப் போன ஒருவர், அங்கிருந்து அனுப்பிய பணத்தில் சொத்துகள் வாங்கப்பட்டன. திரும்பி வந்ததும், 'எல்லாம் என் சம்பாத்தியம், மனைவிக்கு உரிமை இல்லை' என்று வழக்குப் போட்டார். அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூன் மாதம் தீர்ப்பளித்தார். வீட்டில் மனைவி சமையல்காரராக, வீட்டு டாக்டராக, வரவு செலவு பார்ப்பவராக விடுமுறையே இல்லாமல் உழைக்கிறார். அந்த உழைப்பு இருப்பதால்தான் கணவர் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிகிறது. சொத்து யார் பெயரில் வாங்கியிருந்தாலும் இருவர் உழைப்பிலும் மிச்சம் பிடித்த பணத்தில் வாங்கியதுதான் என்று சொல்லி, மனைவிக்குச் சம பங்கு உண்டு என்றார்.

சந்தோஷம்தான். ஆனால், இது தானாக வந்த பங்கு இல்லை. பல வருடங்கள் வழக்காடி, ஆதாரங்களை வைத்து நிரூபித்து வாங்கியது. ஆகவே நாம் மனதில் வைக்க வேண்டியது இரண்டு: கையில் ஆதாரம் இருக்க வேண்டும், விற்பதற்கு முன்பே தடை வாங்க வேண்டும்.

சொத்து எப்படிக் காணாமல் போகிறது?

திருடன் வரும் வழி தெரிந்தால்தானே பூட்டுப் போடலாம்! பொதுவாக நடப்பது இவைதான்:

* அப்பா, அம்மா அல்லது கூடப் பிறந்தவர் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுவது. குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வைச் சலுகை இருப்பதால் செலவு குறைவு. அதனால் முதலில் நடப்பது இதுதான்.

* நம்பிக்கையான நண்பருக்கு பவர் கொடுத்து, அவர் மூலம் விற்பது.

* இல்லாத கடனை இருப்பதாகக் காட்டுவது. 'மாமாகிட்ட 10 லட்சம் கைமாத்து வாங்கியிருக்கேன்' என்று திடீரென்று ஒரு புரோநோட்டு முளைக்கும்.

* ஜாயின்ட் அக்கவுன்ட்டைத் துடைத்து எடுப்பது. 'இருவரில் யாரேனும் ஒருவர்' இயக்கலாம் என்று தொடங்கிய கணக்கில், ஒரே ஒருவர் முழுப் பணத்தையும் எடுத்துவிடலாம்.

* நகையை அடகு வைத்து, மீட்காமல் ஏலத்துக்கு விட்டுவிடுவது.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

சண்டை போட வேண்டாம், சத்தம் போட வேண்டாம். முதலில் காகிதங்களைச் சேகரியுங்கள்.

வீட்டுப் பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது, வீட்டுக் கடன் ஒப்பந்தம், பாஸ் புக், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, இன்ஷூரன்ஸ் பாலிசி, சீட்டுப் புத்தகம், வண்டியின் ஆர்.சி. புத்தகம்... எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, உங்கள் பிறந்த வீட்டிலோ நம்பிக்கையான இடத்திலோ வைத்துவிடுங்கள். ஒரிஜினலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

அடுத்தது வில்லங்கச் சான்று. பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில், சர்வே எண்ணையும் கிராமத்தையும் கொடுத்தால் அந்த மனையில் யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். பதிவு செய்யாத ஒப்பந்தங்கள் அதில் தெரியாது என்பதையும் மறக்காதீர்கள்.

ஜாயின்ட் அக்கவுன்ட்டும் ஜாயின்ட் லாக்கரும் இருந்தால் கிளை மேலாளருக்கு எழுத்துமூலம் கடிதம் கொடுங்கள்: 'எங்களுக்குள் தகராறு இருக்கிறது. இருவர் கையெழுத்தும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம், லாக்கரைத் திறக்க அனுமதிக்க வேண்டாம்' என்று. நகலில் முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு என்று எழுத்தில் தெரிந்துவிட்டால் வங்கிகள் பொதுவாக எச்சரிக்கையாகிவிடும். உங்கள் பெயரில் தனிக் கணக்கு இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று தொடங்குங்கள்.

வெற்றுத் தாளிலும் வெற்று முத்திரைத் தாளிலும் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். 'லோனுக்குத்தான்மா, ஒரு கையெழுத்து' என்று யார் கேட்டாலும் சரி... படித்துப் பார்த்து, புரிந்த பிறகுதான்!

விவாகரத்து மனு மட்டும் போதாது

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். 'கேஸ் கோர்ட்ல இருக்கு, இனிமே அவரால விக்க முடியாது' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். விவாகரத்து மனு திருமணத்தைப் பற்றியது. அதைப் போட்டதாலேயே வீடு பூட்டப்பட்டுவிடாது.

சொத்தைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். கணவன் மனைவிக்கு இடையிலான சொத்துத் தகராறை விசாரிக்கும் அதிகாரம் 1984-ம் வருட குடும்ப நீதிமன்றச் சட்டப்படி குடும்ப நல கோர்ட்டுக்கு உண்டு. அந்த கோர்ட் இல்லாத ஊர்களில் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். சர்வே எண், அளவு, எல்லை எல்லாவற்றையும் குறிப்பிட்டு, 'இதில் எனக்குப் பங்கு இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது' என்று இடைக்காலத் தடை கேட்க வேண்டும். அப்படி அந்தச் சொத்தே வழக்கில் இருக்கும்போது யாராவது வாங்கினால், வழக்கின் முடிவு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்வது இதைத்தான்.

தடை உத்தரவு கிடைத்தால் அதன் சான்றிட்ட நகலை உடனே சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுங்கள். கடன் கொடுத்த வங்கிக்கும் ஒரு நகல். பீரோவில் வைத்துப் பூட்டிய உத்தரவால் பிரயோஜனம் இல்லை.

'ஏற்கெனவே தம்பி பேருக்கு எழுதிட்டாரே!' என்றால்? அப்போதும் வழி மூடவில்லை. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தில் செய்த மாற்றத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். ஒரு சொத்தின் வருமானத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை உங்களுக்கு இருந்து, அந்தச் சொத்தைப் பணம் வாங்காமல் தானமாக இன்னொருவருக்கு எழுதியிருந்தால், அந்த உரிமை அவரிடமும் தொடரும். ஆனால் நாள் ஆக ஆக, சொத்து மூன்றாவது, நான்காவது கைக்குப் போய்விடும். அதனால்தான் 'முந்துங்கள்' என்கிறோம்.

பெண்களுக்கு ஒரு விரைவு வழி

2005-ம் வருட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் என்றாலே அடி, உதைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை! வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, சீதன நகையை எடுத்துக்கொள்வது, சொத்தை விற்று மனைவியை நிராதரவாக்குவது எல்லாமே 'பொருளாதார வன்முறை' என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லா மதத்தவருக்கும் பொருந்தும்.

இந்தச் சட்டப்படி மாஜிஸ்திரேட் என்னென்ன செய்யலாம் தெரியுமா?

* கணவர் பெயரில் தனியாக உள்ள கணக்கையும் லாக்கரையும்கூட, தன் அனுமதி இல்லாமல் இயக்கக் கூடாது, சொத்துகளை விற்கக் கூடாது என்று தடை போடலாம்.

* குடியிருக்கும் வீட்டிலிருந்து மனைவியை வெளியேற்றக் கூடாது என்று சொல்லலாம். வீடு மாமியார், மாமனார் பெயரில் இருந்தாலும் அது சேர்ந்து வாழ்ந்த வீடாக இருந்தால் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது.

* சீதனத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடலாம்.

* மருத்துவச் செலவு, வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுக்கச் சொல்லலாம். கொடுக்காவிட்டால், கணவர் வேலை பார்க்கும் நிறுவனமே சம்பளத்தில் ஒரு பகுதியை மனைவிக்கு நேராகக் கொடுக்க உத்தரவிடலாம். கம்பெனிச் சம்பளத்தை நம்பியிருக்கும் நம் பகுதிக் குடும்பங்களுக்கு இது பெரிய பலம்.

* அவசரம் என்றால் எதிர்த் தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டீர்களா? ஸ்ரீபெரும்புதூருக்கு ஓடி வர வேண்டியதில்லை. தற்காலிகமாக எங்கே தங்கியிருக்கிறீர்களோ, அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம்.

ஒளித்து வைத்ததை வெளியே கொண்டு வர...

'எனக்கு மாசம் 15,000 ரூபாய்தான் சம்பளம்' என்று கோர்ட்டில் சத்தியம் செய்கிறவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ஒரு கடிவாளம் போட்டது. ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் வந்த தீர்ப்பு அது. ஜீவனாம்ச வழக்குகளில் கணவன், மனைவி இருவரும் தங்கள் சொத்து, வருமானம், கடன், வங்கிக் கணக்கு, முதலீடு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். பொய் சொன்னால் அதற்குத் தனி நடவடிக்கை உண்டு.

முன்பு நகலெடுத்து வைத்த காகிதங்கள் இங்கேதான் கை கொடுக்கும். அவர் காட்டிய பட்டியலில் இல்லாத ஒரு கணக்கு எண்ணை, ஒரு பாலிசியை நீங்கள் எடுத்துக் காட்டினால், அவருடைய மற்ற வார்த்தைகளையும் கோர்ட் சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஒன்றை மறக்காதீர்கள்... நீங்களும் இதே பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் வேலையையோ, பிறந்த வீட்டில் போட்ட டெபாசிட்டையோ மறைத்தால் அதே அடி உங்களுக்கும் விழும்.

நகை யாருடையது?

இதில் சந்தேகமே வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு அன்பளிப்பாக வந்த நகை, பாத்திரம், பணம் எல்லாம் அவளுக்கே சொந்தமான சீதனம். மாமியார் பீரோவில் இருந்தால், பத்திரமாக வைத்துக்கொள்ளக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். கேட்டும் தரவில்லையென்றால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே, பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது.

கேரளப் பெண் ஒருவரின் வழக்கும் கவனிக்க வேண்டியது. கல்யாணத்துக்குப் போட்ட 89 பவுன் நகையைப் பத்திரமாக வைப்பதாகச் சொல்லி கணவர் வாங்கிக்கொண்டார். அது கடனை அடைக்கப் போய்விட்டது என்பது அவர் புகார். உயர் நீதிமன்றத்தில் தோற்றாலும் அவர் விடவில்லை. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி கணவருக்கு உத்தரவிட்டது. சீதனம் இருவருக்கும் பொதுவான சொத்து அல்ல. கஷ்ட காலத்தில் கணவர் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

எனவே நகைக் கடை பில், கல்யாண ஆல்பம், வீடியோ, எடை போட்டு எழுதிய பட்டியல் இவற்றை எறிந்துவிடாதீர்கள். நகையை யார் பெயரில் அடகு வைத்தாலும் அடகுச் சீட்டின் நகல் உங்களிடம் ஒன்று இருக்கட்டும்.

பி.எஃப்., செட்டில்மென்ட் பணம்

பி.எஃப். கணக்கில் பணம் இருக்கும்வரை கோர்ட்டாலும் அதை ஜப்தி செய்ய முடியாது. ஆனால், ஜீவனாம்சத்தை முடிவு செய்யும்போது அந்தத் தொகையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். கையில் வாங்கி வங்கியில் போட்ட பிறகு அந்தப் பாதுகாப்பை நம்பி ஒளிவதும் கஷ்டம்.

நம் பகுதியில் திடீரென்று பெரிய தொகை வீட்டுக்கு வரும் சந்தர்ப்பங்கள் உண்டு. 2006-ல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் நின்றது. அந்த வருடம் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் விருப்ப ஓய்வுத் தொகை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நிலம் எடுப்பு இழப்பீடும் இப்படி மொத்தமாக வருவதுதான். பிரிவு நெருங்கும் நேரத்தில் இப்படி ஒரு பணம் வரப்போகிறது என்று தெரிந்தால், வருவதற்கு முன்பே வக்கீலிடம் சொல்லி மனுவில் சேர்த்துவிடுங்கள்.

இப்போது நல்ல உறவில் இருப்பவர்களுக்கும் ஒரு யோசனை. 1874-ம் வருட மணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி கணவர் தன் பெயரில் ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுத்தால், அந்தப் பணம் மனைவி, குழந்தைகளுக்கான அறக்கட்டளை போல ஆகிவிடும். அதில் கடன்காரர்களும் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

கடனும் சொத்துதான்!

வீட்டுக் கடனில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், விவாகரத்து ஆனாலும் வங்கிக்கு இருவரும் கடன்காரர்களே. 'வீடு அவருக்கு, கடனும் அவர் கட்டுவார்' என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணை கட்டத் தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து சரியும். கடனை அவர் பெயருக்கு மட்டும் மாற்றி, உங்களை விடுவித்ததாக வங்கி எழுத்தில் கொடுத்தால்தான் நிம்மதி.

ஏமாற்றுவது மனைவியாக இருந்தால்?

ஏன், இருக்கக் கூடாதா? இங்கே பெண் பெயரில் மனை வாங்கும் வழக்கம் அதிகம். 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை என்று 2025 ஏப்ரலில் தமிழக அரசு கொண்டு வந்த பிறகு, பலர் அப்படிச் செய்கிறார்கள். நல்ல விஷயம்தான். பணம் கணவருடையது, பெயர் மனைவியுடையது என்றாலும், கணக்கில் காட்டிய வருமானத்தில் வாங்கியிருந்தால் பினாமிச் சட்டத்தின் தடை வராது. கணவரும் குடும்ப நல கோர்ட்டுக்கோ சிவில் கோர்ட்டுக்கோ போய்த் தன் பங்கைக் கேட்கலாம், தடை வாங்கலாம். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் நிரூபிப்பது சுலபம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் திண்டாட்டம்தான்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு பெண்மணிக்கு 1996 டிசம்பரில் லாட்டரியில் 13 லட்சம் டாலர் பங்கு விழுந்தது. கணவரிடம் மூச்சு விடவில்லை. 11 நாளில் விவாகரத்துக்கு மனுப் போட்டார். விவாகரத்தும் கிடைத்தது. பிறகு முன்னாள் கணவர் வீட்டுக்கு வந்த ஒரு கடிதத்தால் குட்டு வெளிப்பட்டது. அந்த மாநிலத்தில் திருமண காலத்தில் வந்த பணம் இருவருக்கும் பொது. நேர்மையாகச் சொல்லியிருந்தால் பாதி அவருக்கே கிடைத்திருக்கும். மறைத்ததால், 1999-ல் முழுப் பரிசையும் கணவருக்கே கொடுத்தது கோர்ட்!

சமரசம் என்றால்...

இருவரும் சம்மதித்துப் பிரிவதாக இருந்தால் சந்தோஷம். ஆனால் ஒப்பந்தத்தில் 'சொத்துகளைப் பேசித் தீர்த்துக்கொண்டோம்' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எந்த சர்வே எண், எத்தனை பவுன், எந்தக் கணக்கு, எந்தத் தேதிக்குள் என்று விவரமாக எழுதுங்கள். பத்திரப் பதிவும், பணமும், நகையும் கைக்கு வந்த பிறகே கடைசிக் கையெழுத்து.

மருத்துவப் பாதுகாப்பையும் பேசிவிடுங்கள். வழக்கு நடக்கும்வரை நீங்கள் சட்டப்படி மனைவிதான், இ.எஸ்.ஐ. அட்டையிலும் கம்பெனியின் குடும்ப இன்ஷூரன்ஸிலும் இடம் உண்டு. விவாகரத்து ஆன பிறகு அந்த இடம் போய்விடும். பிள்ளைகளுக்குத் தொடரும். ஆகவே உங்களுக்குத் தனியாக ஒரு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுக்கும் செலவையும் ஜீவனாம்சக் கணக்கில் சேர்த்துக் கேளுங்கள்.

உதவிக்கு யார்?

'வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போறது?' என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மகளிர் உதவி எண் 181. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர், குடும்ப வன்முறை மனுவை எழுதவே உதவி செய்வார். மனசு பாரமாகி, தூக்கம் வராமல் தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வழக்கு நடக்கும் மாதங்களில் பி.பி., சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். வாய்தா நாளிலும் காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தனி ஃபைலில் வையுங்கள். அதுவும் ஓர் ஆதாரம்தான்.

இன்று சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். பீரோவைத் திறந்து, வீட்டுப் பத்திரத்தை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது, சர்வே எண் என்ன என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். சண்டை சச்சரவு இல்லாத வீடாக இருந்தாலும் சரி... வீட்டுப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கணவன், மனைவி இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டியதுதானே!